தாமதத்தின் செலவு யார் தலையில்?

நேயர்களுக்கு வணக்கம்.

பொதுத்துறை நிறுவனங்களில் மேலாளராக இருப்பவர்கள் எந்த விழுமியங்களைக் கடைப்பிடிக்க வேண்டும் என்பதைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதுமே நேர்மை, நாணயம், கடமை, கண்ணியம் என்று சில சொற்கள் உங்களுக்கு நினைவு வந்திருக்கும். எல்லாம் சரியான சொற்கள்தான். நான் பொதுத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது புதிதாகச் சேரும் அதிகாரிகளுக்கு வகுப்பெடுக்கிறேன். அந்த வகுப்பில் இந்தச் சொற்களைத் தொடுவதற்கு முன்னால் நான் அவர்களிடம் ஒரு கேள்வியை வைப்பேன். உங்கள் மேசைக்கு வந்த ஒரு முடிவை நீங்கள் தள்ளிப்போடுகிறீர்கள். அந்தத் தாமதத்தின் செலவு யார் தலையில் போய் விழுகிறது?

காவிரிப் படுகையில் வாழ்கிறவர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்கவே வேண்டியதில்லை. நம்மைச் சுற்றிப் பொதுத்துறை நிறைந்திருக்கிறது. திருவெறும்பூரில் பெல் தொழிற்சாலை இருக்கிறது. நரிமணத்தில் எண்ணெய்க் கிணறுகள் இருக்கின்றன. 1972-ல் சோழன் போக்குவரத்துக் கழகம் என்று தொடங்கிய பேருந்துகள் இன்றும் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு ஓடுகின்றன. மின்வாரியம், பயிர்க்கடன் தரும் வங்கிகள், ரேஷன் கடை, எல்லாவற்றுக்கும் மேலாக அறுத்த நெல்லை வாங்கும் கொள்முதல் நிலையம். இவற்றில் பலவற்றுக்கு மாற்று கிடையாது. மளிகைக் கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போகலாம். மின்சாரத்துக்கு அப்படிப் போக முடியாது. கடைசி டவுன் பஸ் வராவிட்டால் நடந்துதான் ஊருக்குப் போக வேண்டும். வேறு வழியில்லாத மனிதர் ஒருவர் எதிரே நிற்கும்போது நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதில்தான் பொதுத்துறை மேலாளரின் குணம் தெரியும்.

தனியார் முதலாளிக்கும் பொதுத்துறை மேலாளருக்கும் சட்டத்திலேயே ஒரு வித்தியாசம் இருக்கிறது. அரிசி ஆலை முதலாளி தனக்குப் பிடித்தவரிடம் நெல் வாங்கலாம், பிடிக்காதவரிடம் வாங்காமல் விடலாம். பொதுத்துறை மேலாளருக்கு அந்த உரிமை கிடையாது. 1979-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. பம்பாய் விமான நிலையத்தில் உணவகம் நடத்த டெண்டர் விட்டார்கள். இன்ன தகுதியும் ஐந்து ஆண்டு அனுபவமும் உள்ளவர்கள்தான் விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்துவிட்டு, அந்தத் தகுதி இல்லாத ஒருவருக்கு ஒப்பந்தத்தைக் கொடுத்துவிட்டார்கள். விமான நிலைய ஆணையம் போன்ற அமைப்பும் அரசமைப்புச் சட்டத்தின் 12-ம் பிரிவின்படி ‘அரசு’தான், தான் அறிவித்த அளவுகோலைத் தானே மீறக் கூடாது என்றது நீதிமன்றம். இந்தத் தீர்ப்பைப் படிக்காத அதிகாரி பொதுத்துறையில் ஒரு கையெழுத்துகூடப் போடக் கூடாது என்பது என் கருத்து. அரசுப் பணத்தைச் செலவழிக்கும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் ‘என் விருப்பம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

எழுத்து வடிவிலான விழுமியங்களுக்கும் நம்மிடம் குறைவில்லை. தமிழரான கே. சந்தானம் தலைமையில் அமைந்த ஊழல் தடுப்புக் குழுவின் பரிந்துரையால் 1964-ல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் வந்தது. பிரிட்டனில் நோலன் குழு 1995-ல் பொதுவாழ்வுக்கு ஏழு நெறிகளை வகுத்தது: தன்னலமின்மை, நேர்மை, நடுநிலை, பொறுப்புக்கூறல், வெளிப்படைத்தன்மை, உண்மை, தலைமைப் பண்பு. உலகம் முழுக்கப் பயிற்சி வகுப்புகளில் இந்த ஏழையும் திரையில் போட்டுக் காட்டுகிறார்கள். காட்டட்டும். ஆனால் இந்த ஏழும் ஒரு நெல் மூட்டைக்கு முன்னால் நிற்கும்போது என்ன ஆகின்றன என்பதைத்தான் நான் இன்று பேச வந்திருக்கிறேன்.

குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரில் வரும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் அக்டோபரில்தான். அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்துக் களத்தில் கொட்டிக் காயவைத்து, சாயங்காலம் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறார் விவசாயி. மறுநாள் காலை பட்டியல் எழுத்தர் வந்து குவியலுக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்து, ஈரப்பதம் பார்க்கும் மெஷினில் போடுகிறார்.

“என்ன தம்பி, நேத்து சாயங்காலம் பதினேழுன்னு சொன்னீங்க, இப்பப் பதினெட்டரைங்கிறீங்க?”

“ராத்திரி பனி இறங்கிடுச்சுண்ணே. வெயில் வரட்டும், ஒருக்கா கிண்டி விடுங்க. மத்தியானம் பார்ப்போம்.”

இந்த இரண்டு பேரில் யாரும் பொய் சொல்லவில்லை. காற்றில் உள்ள ஈரத்தை நெல் இழுத்துக்கொள்ளும். மத்திய அரசு வகுத்த தர அளவுப்படி 17 விழுக்காடு ஈரம் வரைதான் வாங்க முடியும். அந்த விதியும் சும்மா வந்ததில்லை. ஈரம் கூடினால் மூட்டைக்குள் சூடேறி, பூசணம் பிடித்து, கடைசியில் ரேஷன் அரிசி கெட்டுப்போகும். எழுத்தரும் சரி, விதியும் சரி, விவசாயியும் சரி. அப்படியானால் தவறு எங்கே இருக்கிறது? நேற்றுச் சாயங்காலம் 17 காட்டியபோதே அந்த நெல்லை ஏன் எடை போடவில்லை என்று கேளுங்கள். சாக்கு தீர்ந்துவிட்டது என்பார்கள். அல்லது, ஏற்கெனவே பிடித்த மூட்டைகள் அட்டி போட்டுக் களம் நிறையக் கிடந்தன, லாரி வரவில்லை என்பார்கள். சாக்கும் லாரியும் எழுத்தரின் கையில் இல்லை. தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ ஓர் அலுவலக அறையில், ஒரு மேலாளரின் மேசையில் இருக்கின்றன.

இன்னொரு கணக்கையும் சொல்கிறேன். கையில் பேனா இருப்பவர்கள் போட்டுப் பார்க்கலாம். ஒரு மூட்டை 40 கிலோ. 17 விழுக்காடு ஈரம் என்றால் அதில் தண்ணீர் 6.8 கிலோ, மீதி 33.2 கிலோதான் உலர்ந்த நெல். வாங்கிய மூட்டை லாரிக்குக் காத்து வெயிலில் கிடந்து, ஈரம் 15 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். இப்போது அந்த மூட்டையின் எடை 39 கிலோவுக்குச் சற்று மேலேதான் இருக்கும். ஏறக்குறைய 900 கிராம் காற்றோடு போய்விட்டது. 5,000 மூட்டை அப்படிக் கிடந்தால் நாலரை டன்னுக்கும் மேலே குறையும். யாரும் திருடவில்லை, எலிகூடத் தின்னவில்லை. ஆனால் கிடங்கில் எடை போட்டால் குறைவு காட்டும். அனுமதித்த அளவுக்கு மேல் குறைந்தால் அது நிலையத்தில் இருக்கும் பணியாளரின் கணக்கில் ஏறும். அவர் பெரும்பாலும் பருவகாலப் பணியாளர். சீசன் முடிந்தால் வேலை இல்லை, வாங்குவதும் சொற்பம்.

அவர் என்ன செய்வார்? தன் தலை தப்ப, எடை போடும்போதே தராசில் 41 கிலோ வைப்பார். தாமதம் நடந்தது மேலே. அதை ஈடுகட்ட ஒரு கிலோ நெல் போனது, களத்தில் பனியில் படுத்திருந்த விவசாயியின் குவியலிலிருந்து. ஒரு முறை இப்படி வாசல் திறந்துவிட்டால், அதே வாசல் வழியாக உண்மையான பேராசையும் உள்ளே வரும். மூட்டைக்கு இவ்வளவு என்று பணம் கேட்கும் வழக்கம் வரும். கூடுதல் எடை பிடிப்பது குற்றம்தான், அதைச் செய்கிறவர் தண்டனைக்கு உரியவர்தான். நான் அதை நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஒரு மண்டலத்தில் நிலையத்துக்கு நிலையம் ஒரே மாதிரி புகார் வந்தால், மேலாளர் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது தன்னுடைய லாரிப் பதிவேட்டை. எந்த நிலையத்தில் மூட்டை எத்தனை நாள் கிடந்தது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். கீழே இருக்கிறவரை மட்டும் சஸ்பெண்ட் செய்துவிட்டு, ‘ஊழலை ஒழித்தேன்’ என்று அறிக்கை கொடுப்பது நேர்மையான நிர்வாகமாகாது.

எனவே நேர்மை என்பதை மேலாளரின் சட்டைப்பையோடு மட்டும் சேர்த்துப் பார்க்காதீர்கள் என்று வகுப்பில் சொல்வேன். ஒரு பைசா வாங்காத மேலாளரின் கீழேயும் மக்கள் தினமும் பணம் இழக்கலாம். நான் லஞ்சம் வாங்கவில்லை என்பது நல்ல செய்தி, அத்தோடு கடமை முடிந்துவிடவில்லை. என் கீழே இருக்கிறவர் நேர்மையாக இருப்பதற்கு வழி செய்து வைத்திருக்கிறேனா என்றும் மேலாளர் கேட்டுக்கொள்ள வேண்டும். அவருக்குச் சம்பளம் தேதிக்கு வருகிறதா? இயற்கையாகக் காய்ந்து குறையும் எடைக்கு நியாயமான கழிவு கேட்டு மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேனா? சுமைதூக்கும் தொழிலாளர்களின் கூலி நிலுவையில் இருக்கிறதா? அவர்களுக்கு அலுவலகம் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காவிட்டால், அதை விவசாயியிடம் கேட்டு வாங்கத்தான் செய்வார்கள்.

சரி, மேலாளர்கள் ஏன் தள்ளிப்போடுகிறார்கள்? சோம்பல் என்று ஊர் சொல்லும். நான் பார்த்தவரை சோம்பல் குறைவு, பயம்தான் அதிகம். முடிவெடுத்தால் தணிக்கை வரும், விஜிலென்ஸ் வரும், ஓய்வுபெறும் மாதத்தில் குறிப்பாணை வரும். முடிவெடுக்காமல் இருந்தால் எதுவும் வராது. நெல் முளைத்துப்போனதற்காக எந்தக் கோப்பிலும் ஒரு மேலாளரின் பெயர் வராது. இயற்கைச் சீற்றம் என்று எழுதிவிடலாம். இந்தப் பயத்தை நான் ஏளனம் செய்ய மாட்டேன், அதற்குக் காரணம் இருந்தது. 1988-ம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தில் 13(1)(டி) என்று ஒரு பிரிவு. அதில் ஒரு பகுதியின்படி, அதிகாரி எடுத்த முடிவால் வேறொருவருக்குப் பொதுநலன் இல்லாத ஆதாயம் கிடைத்தாலே, அதிகாரி ஒரு காசு பெறாவிட்டாலும் குற்றமாக முடியும். 2018-ல் செய்த திருத்தத்தில் அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள். ஊழல் கண்காணிப்பு ஆணையத்தின் கையேடும் இன்னொன்றைச் சொல்கிறது. நிறுவனத்துக்கு ஏற்படும் எல்லா இழப்பும் விஜிலென்ஸ் விசாரணைக்கு உரியது ஆகாது. விதிகளுக்கு உட்பட்டு வேலை செய்யும் சாதாரண விவேகமுள்ள ஒருவர், அந்தச் சூழ்நிலையில், நிறுவனத்தின் நலன் கருதி அதே முடிவை எடுத்திருப்பாரா என்று பார்க்க வேண்டும் என்கிறது. பல மேலாளர்கள் இதைப் படித்ததே இல்லை. பழைய பயத்திலேயே கோப்பைக் கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் அறிந்த ஒரு மேலாளர். எந்த நிறுவனம், எந்த ஊர் என்பது வேண்டாம். இந்தப் படுகையில் ஒரு மழைக்காலம். திறந்தவெளியில் மூட்டைகள் கிடக்கின்றன. ஒப்பந்தக்காரரின் லாரிகள் வரவில்லை. வெளி லாரி வைத்தால் வாடகை கூடுதல், அதற்கு முறையான டெண்டரும் கிடையாது. அவர் அன்று எழுதிய குறிப்பை நான் பார்த்திருக்கிறேன், ஒரு பக்கம்தான். தேதி, நேரம். வானிலை மையத்தின் எச்சரிக்கை. எந்தெந்த நிலையத்தில் எத்தனை மூட்டை வெளியே. ஒப்பந்தக்காரரை எத்தனை மணிக்கு அழைத்தார், அவர் என்ன சொன்னார். மூன்று லாரி உரிமையாளர்களிடம் தொலைபேசியில் கேட்ட வாடகை, அதில் குறைந்தது எது. கூடுதல் செலவு எவ்வளவு, நனைந்தால் போகும் நெல்லின் மதிப்பு எவ்வளவு. கடைசியில், ‘மேலதிகாரியைத் தொடர்புகொள்ள முயன்றேன், கிடைக்கவில்லை, பொறுப்பை நானே ஏற்று அனுமதிக்கிறேன், பின்னேற்பு கோருகிறேன்’ என்று, அதாவது செய்ததற்குப் பிறகு ஒப்புதல் கேட்டு, இரண்டு வரி, கையெழுத்து. விடிவதற்குள் மூட்டைகள் கிடங்குக்குள் போய்விட்டன. பிற்பாடு தணிக்கை ஆட்சேபணை வந்தது, வரத்தான் செய்யும். அந்த ஒரு பக்கத்தை நகலெடுத்து இணைத்தார், ஆட்சேபணை கைவிடப்பட்டது.

அவருக்கு அசாத்தியமான துணிச்சல் இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். காரணத்தை அந்த நேரத்திலேயே எழுதிவைக்கும் பழக்கம் இருந்தது. மறுவாரம் எழுதினால் அது சமாதானம். மழை பெய்யும்போதே எழுதினால் அது சாட்சி. இளம் அதிகாரிகளுக்கு ஒன்றே ஒன்றைக் கற்றுக்கொடுக்க எனக்கு நேரம் கொடுத்தால், நல்ல தமிழில் ஒரு பக்கக் குறிப்பு எழுதுவதைத்தான் கற்றுக்கொடுப்பேன்.

நடுநிலை பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கஜா புயல் கரையைக் கடந்தது. படுகை மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. வெளி மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வந்த மின் ஊழியர்கள் சேற்று வயலுக்குள் தோளில் கம்பம் சுமந்து போனதை இந்தப் பகுதி மக்கள் மறக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் எந்த ஊருக்கு முதலில் கம்பம் நடுவது? ஒவ்வொரு ஊரும் சாலையை மறிக்கும். செல்வாக்குள்ளவர்கள் ஃபோன் செய்வார்கள். அங்கே மேலாளரைக் காப்பாற்றுவது முன்கூட்டியே சொல்லிவிட்ட வரிசைதான்: மருத்துவமனை, குடிநீர் மோட்டார், அதற்குப் பிறகு தெரு. அந்த வரிசையை ஒரு தாளில் எழுதி அலுவலக வாசலில் ஒட்டிவிட்டால், சிபாரிசோடு வருகிறவரிடம் சண்டை போட வேண்டியதில்லை, தாளைக் காட்டினால் போதும். சிபாரிசுக்கு மரியாதையாகப் பதில் சொல்லுங்கள், தேநீர் கொடுங்கள், வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

ஒட்டுவது என்றதும் தஞ்சைப் பெரிய கோயில் நினைவுக்கு வருகிறது. 1010-ல் முடிந்த கோயில். ராஜராஜன் தான் கொடுத்ததையும், தன் அக்கன் கொடுத்ததையும், தன் பெண்டுகள் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொன்னான். பொன் எவ்வளவு என்று வெட்டியதோடு நிற்கவில்லை. ‘ஆடவல்லான்’ என்னும் கல்லால் எடை போட்டது என்று, எந்த எடைக்கல் என்பதையும் சேர்த்து வெட்டினார்கள். நெல் அளந்த மரக்காலுக்கும் அதே பெயர். எடையைச் சொன்னால் போதாது, எதனால் எடை போட்டோம் என்பதும் பத்துப் பேர் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும் என்ற அக்கறை இந்த மண்ணில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது. 2005-ம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவும், யாரும் மனுப் போடாமலேயே அலுவலகங்கள் தாமாக வெளியிட வேண்டியவற்றைப் பட்டியலிடுகிறது. மனு வந்த பிறகு 30 நாள் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் அலுவலகம் அந்தச் சட்டத்தைப் பாதிதான் படித்திருக்கிறது. தராசின் எண் விவசாயியின் பக்கம் திரும்பியிருக்கட்டும். ஈரப்பத மெஷினைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்பது அதன் மேலேயே எழுதியிருக்கட்டும். வரிசை எண்கள் பலகையில் இருக்கட்டும். இதற்குத் தனி நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை.

ஈரப்பதத் தளர்வு விஷயமும் இதில் சேரும். மழை பெய்த பருவங்களில் மாநில அரசு கேட்டு, மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்து, 19 விழுக்காடு, 20 விழுக்காடு வரை தளர்வு கிடைத்திருக்கிறது. 2023 பிப்ரவரியில் சம்பா அறுவடையின்போது பெய்த மழையில் அப்படி நடந்தது. ஆனால் தளர்வு உத்தரவு வந்து சேரும் வரை நெல் காத்திருக்குமா? முதல் மழை நாளிலேயே நிலையம் வாரியாக ஈரப்பத அளவுகளை எடுத்து, மேலிடத்துக்குத் தினமும் அனுப்பிக்கொண்டே இருக்கும் மேலாளர், அந்த உத்தரவைச் சில நாள் முன்னால் கொண்டுவர முடியும். விதியை மீற அவருக்கு அதிகாரம் இல்லை. விதி மாற வேண்டிய நிலைமை வந்துவிட்டது என்பதை மேலே சொல்லும் கடமை அவருக்கு இருக்கிறது. அந்தத் தபாலை எழுதாமல், ‘உத்தரவு வரட்டும்’ என்று கைகட்டி நிற்கும் மேலாளரை நான் நல்ல நிர்வாகி என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கேட்டுக்கொண்டிருக்கும் விவசாயப் பெருமக்களுக்கும் ஒன்று. மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. அறுவடை முடிந்து நெல் நனைந்த பிறகு அங்கே போய்க் கோபப்படுவதைவிட, மேட்டூர் அணை திறக்கும் நேரத்திலேயே போய்க் கேளுங்கள். ஜூன் 12-ல் தண்ணீர் திறந்தால் செப்டம்பரில் நெல் வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். இந்தப் பருவத்துக்கு எத்தனை சாக்கு கையிருப்பு, லாரி ஒப்பந்தம் முடிந்துவிட்டதா, எந்தெந்தக் களத்துக்குத் தார்ப்பாய் வந்திருக்கிறது, வாங்கிய மூட்டை அதிகபட்சம் எத்தனை நாளில் கிடங்குக்குப் போகும் என்று நான்கு கேள்விகளை எழுத்தில் கொடுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். அந்தப் பதிலை உங்கள் ஊர்க் கொள்முதல் நிலையத்தின் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். தேதி போட்டு ஒட்டச் சொல்லுங்கள்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.